அவர் வந்து ஐந்து வாரம்தான், ஸ்கேனில் ஏழு வாரம் என்று எப்படி?

2024 ஜூன் 3, இரவு 9.50 (கேள்வி)

கணவருக்கு துபாயில் வேலை. ஏப்ரல் 28 ஊருக்கு வந்தார், மே 15 திரும்பிப் போனார். இன்று எனக்கு முதல் ஸ்கேன். 7 வாரம் 1 நாள் என்று ரிப்போர்ட். எத்தனை தடவை விரல் விட்டு எண்ணினாலும் அவர் வந்தே 5 வாரம் 1 நாள்தான் ஆகிறது. போனில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, “எப்படி ஏழு?” என்று மட்டும் கேட்டார். அத்தை ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மெஷின் தப்பாகக் காட்டுமா? வேறு இடத்தில் எடுத்துப் பார்க்கட்டுமா?

2024 ஜூன் 3, இரவு 10.35

வேறு எங்கும் போக வேண்டாம். ரிப்போர்ட்டும் சரி, உங்கள் விரல் கணக்கும் சரி. இரண்டும் எண்ணத் தொடங்கும் நாள்தான் வேறு.

ஆஸ்பத்திரியில் கரு உண்டான நாளிலிருந்து வாரத்தை எண்ணுவதில்லை. கடைசியாகத் தூரமான (மாதவிலக்கு வந்த) முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். அதுதான் எல்.எம்.பி. 28 நாளுக்கு ஒரு முறை வருகிறவர்களுக்கு முட்டை வெளியாவதே சுமார் 14-ஆம் நாள். ஆக முதல் இரண்டு வாரம் வயிற்றில் ஒன்றுமே இருக்காது, ஆனாலும் கணக்கில் சேரும். ஏழில் இரண்டு போனால் ஐந்து. அவர் வந்த நாளில் போய் நிற்கிறதா?

இதை இன்றிரவே கணவருக்கு அனுப்பிவிடுங்கள், விடியும்வரை வைத்திருக்காதீர்கள். உங்கள் எல்.எம்.பி. தேதியையும் இங்கே போடுங்கள், சேர்த்தே பார்த்துவிடலாம்.

நான் டாக்டர் இல்லை. நெல்லைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் 16 வருஷம் ரிப்போர்ட் டைப் செய்தவள். “எப்படி ஏழு” என்பதை வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். கேட்காமல் முகம் வாடிப்போய் வெளியே போகிறவர்கள் அதைவிட அதிகம்.

2024 ஜூன் 4, காலை 6.15

எல்.எம்.பி. ஏப்ரல் 15 என்று போட்டிருக்கிறீர்கள், தமிழ் வருஷப் பிறப்புக்கு மறுநாள். நல்லவேளை, பண்டிகையை ஒட்டி வந்ததால் உங்களுக்கு நினைவிருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 3 வரை 49 நாள், சரியாக 7 வாரம். ஸ்கேன் 7 வாரம் 1 நாள். ஒரு நாளையெல்லாம் யாரும் வித்தியாசம் என்றே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முட்டை வெளியானது ஏப்ரல் 29 வாக்கில். அவர் வந்து இறங்கியது 28. கணக்கு இதைவிடப் பொருத்தமாக வராது, அத்தையிடம் தைரியமாகக் காட்டுங்கள். டியூ டேட் 2025 ஜனவரி 22.

அத்தைக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஒரு வழி இருக்கிறது. நம் ஊரில் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்கிறோமே, அதே கணக்குத்தான் இது. தலை முழுகும் நாள் தப்பியதை வைத்துத்தான் பாட்டிமார்களும் எண்ணினார்கள். கரு தங்கிய நாளை யார் பார்த்தார்கள்? தூரமான நாள் எல்லோருக்கும் தெரிந்தது. டாக்டர்களும் கண்ணுக்குத் தெரிந்த அந்த நாளையே பிடித்துக்கொண்டார்கள்.

‘பத்து மாசம் சுமந்தேன்’ என்பதும் மிகையில்லை. 28 நாள் கொண்ட மாசம் பத்து என்றால் 280 நாள். இங்கிலீஷ்காரர்களுக்கு அது ஒன்பது மாசம், அவர்கள் எண்ணுவது காலண்டர் மாசம்.

2024 ஜூன் 4, இரவு 9.05

காலையில் நான் போட்ட டியூ டேட் தப்பு என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஜனவரி 20 என்பதுதான் சரி.

நான் வாய்க்கணக்காகப் போட்டேன்: தேதியோடு 7 நாள் கூட்டு, மூன்று மாசம் பின்னால் போ. ஹைடல்பெர்க்கில் இருந்த ஃபிரான்ஸ் நேகலே என்ற ஜெர்மன் டாக்டர் பெயரில் இந்த விதி இருக்கிறது, இருநூறு வருஷப் பழசு. ஏப்ரல் 15-க்கு அப்படிப் போட்டால் ஜனவரி 22. ஆனால் 280 நாளை ஒவ்வொன்றாக எண்ணினால் ஜனவரி 20. மாசத்துக்கு 30, 31 என்று மாறுவதால் ஒன்பது மாசமும் ஏழு நாளும் எப்போதும் 280 ஆகாது, இரண்டு மூன்று நாள் கூடும். மெஷின் நாளாகத்தான் எண்ணுகிறது. டியூ டேட் பார்க்க மேஜையில் சுற்றுகிற அட்டைச் சக்கரத்தை வைத்துக்கொண்டு மெஷினோடு சண்டை போட்ட ஜூனியர் டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2024 ஜூன் 6, மதியம் 2.20

“எல்.எம்.பி.யெல்லாம் அந்தக் காலம். மெஷின் பொய் சொல்லாது, ஸ்கேன் வாரத்தை மட்டும் பாருங்கள்” என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இன்ஜினீயராம்.

தம்பி, மெஷினுக்கு வாரமே தெரியாது. அதற்குத் தெரிந்தது மில்லிமீட்டர். திரையில் குழந்தை நேராகக் கிடக்கும்போது டாக்டர் படத்தை நிறுத்துவார். தலை உச்சியில் ஒரு கூட்டல் குறி, பிட்டத்தின் முனையில் ஒரு கூட்டல் குறி. நடுவில் புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு. அதுதான் சி.ஆர்.எல். ஏழு வாரத்தில் அந்தக் கோடு சுமார் 10 மி.மீ., ஒரு சின்னக் கொண்டைக்கடலை. மெஷினுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. 10 மி.மீ. என்றால் இத்தனை நாள் என்று அதைப் பார்த்து எடுத்துக் கொடுக்கும். அளப்பது மனிதக் கை, பட்டியல் போட்டதும் மனிதர்கள்தான்.

அந்தப் பட்டியலுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1950-களில் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற டாக்டர், கொதிகலன் தகட்டில் விரிசல் பார்க்கிற கருவியை எடுத்துக் கட்டிகளைப் பார்க்க முடியுமா என்று முயன்றார். 1958-இல் கட்டுரை வந்தது. அதே ஊரில் ஹியூ ராபின்சன் 1973-இல் இந்தத் தலை முதல் பிட்டம் வரையான அளவை வைத்து வயது சொல்லலாம் என்று காட்டினார். அப்புறம் 1984-இல் அமெரிக்காவில் ஹூஸ்டனிலிருந்து ஹேட்லாக், தலை, வயிறு, தொடை எலும்பு எல்லாம் சேர்த்து ஒரு கணக்கு கொடுத்தார். எங்கள் மெஷினில் இருந்தது அதுதான். நெல்லையில் படுத்திருக்கும் பெண்ணின் பிள்ளையை ஹூஸ்டன் அளவுகோலால் அளந்துகொண்டிருந்தோம்.

முதல் மூன்று மாசத்தில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. அந்த வயதில் எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளரும், நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். டாக்டர் ஒரு மில்லிமீட்டர் தப்பாக அளந்தாலும் ஒரு நாள்தான் தப்பும். 36 வாரத்துக்கு மேல் தலை வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர்கூட வளராது. அங்கே ஒரு மில்லிமீட்டர் தப்பினால் நாலு நாள் போய்விடும். போதாததற்கு, அப்பா ஆறடி என்றால் பிள்ளைக்குத் தொடை எலும்பு நீளும், அம்மாவுக்கு ரத்த அழுத்தம் என்றால் பிள்ளையின் வயிற்றளவு சுருங்கும். மெஷின் அதையெல்லாம் வயது என்றே படிக்கும்.

அதனால் முதல் ஸ்கேன் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நம்பலாம். கடைசி ஸ்கேன் சொல்லும் வாரத்தை வயது என்று எடுக்காதீர்கள்.

2024 ஜூன் 6, மதியம் 2.50

மேலே ‘நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்’ என்றது ஒன்பது பத்து வாரம் வரைக்கும்தான். பன்னிரண்டு வாரத்தில் இன்னும் வேகமாக வளரும். இன்ஜினீயர் தம்பி ஸ்கேலை எடுத்துக்கொண்டு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

2024 ஜூன் 7, இரவு 11.10

எல்.எம்.பி.யை மட்டும் நம்பலாமா என்றால் அதுவும் முடியாது. என் மேஜையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

“கடைசியா எப்பம்மா தூரம்?”

“கொடை முடிஞ்சு நாலாம் நாள்.”

எந்த ஊர்க் கோவில் கொடை? அம்மன் கோவிலா, சுடலைமாடனா? அப்புறம் அவள் கணவனுக்குப் போன் போட்டு, அவன் யாரையோ கேட்டு, ஒரு தேதி வரும். ‘அமாவாசைக்கு முந்தின நாள்’, ‘மதினி வீட்டுப் பால்காய்ப்பு அன்னைக்கு’, ‘ரேஷன் போட்ட மறுநாள்’ எல்லாம் எழுதியிருக்கிறேன். இதற்காகவே பழைய தினக் காலண்டரைக் கிழிக்காமல் டிராயரில் வைத்திருந்தோம். தேதியே சொல்கிறவர்களிலும் பாதிப் பேர் 1, 5, 10, 15 என்று முழு எண்ணாகத்தான் சொல்வார்கள். பதினைந்தாம் தேதிக்கு அப்படி என்ன ராசியோ.

(கேள்வி கேட்ட தங்கச்சி, உங்கள் ஏப்ரல் 15-ஐ நான் சந்தேகப்படவில்லை. ஸ்கேனோடு ஒத்துப்போய்விட்டது.)

தேதி சரியாகவே சொன்னாலும், 28 நாள் சுழற்சி எத்தனை பேருக்கு? 35, 40 நாளுக்கு ஒரு முறை வருகிறவர்களுக்கு முட்டையும் அந்த அளவுக்குத் தள்ளித்தான் வெளியாகும். பி.சி.ஓ.டி. என்ற சினைப்பைக் கோளாறு உள்ளவர்களுக்கு மூன்று மாசம்கூட வராமல் இருக்கும். முதல் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதே, நடுவில் தூரமாகாமலே அடுத்தது தங்கிவிட்டால் எல்.எம்.பி. என்ற ஒன்றே கிடையாது. இவர்களுக்கெல்லாம் முதல் ஸ்கேன்தான் ஜாதகம்.

எத்தனை நாள் வித்தியாசம் வந்தால் தேதியை மாற்றுவார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் டாக்டர் சுவரில் ஒட்டியிருந்த அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்க அளவைச் சொல்கிறேன். 9 வாரத்துக்குள் என்றால் 5 நாளுக்கு மேல் இருந்தால் ஸ்கேன் தேதியை எடுப்பார்கள். 9-இலிருந்து 16 வாரத்துக்குள் 7 நாளுக்கு மேல். 22 வாரத்துக்குள் 10 நாள், 28-க்குள் 14 நாள், அதற்கும் மேல் போனால் 21 நாள். அதற்குள் அடங்கினால் எல்.எம்.பி. தேதியே நிற்கும். வாரம் ஏற ஏற விட்டுக்கொடுக்கும் நாளும் ஏறுவதைக் கவனியுங்கள்.

2024 ஜூன் 11, இரவு 10.00

என் கதை. ஊருக்கெல்லாம் தேதி கேட்டு எழுதினவள் தன் தேதியைத் தப்பாகச் சொன்னாள்.

2011, இரண்டாவது பிள்ளை. ஏழு வாரம் என்று நினைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் சென்டரிலேயே படுத்தேன். டாக்டர் புரோபை வைத்ததும் சிரித்துவிட்டார். திரையில் கைகால் முளைத்து ஒன்று துள்ளிக்கொண்டிருக்கிறது. பதினொரு வாரம்! நான் தூரம் என்று நினைத்தது லேசாக ஒன்றரை நாள் பட்ட கறை. கரு தங்கின பிறகும் சிலருக்கு அந்த மாதிரி படும். ஒரு மாசத்தை முழுசாக விழுங்கியிருக்கிறேன். ‘இந்தத் தடவை கம்மியாகத்தான் போச்சு’ என்று தோழியிடம் சொன்னதுகூட அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு நான் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. “கடைசியா எப்போ” என்பதோடு, “வழக்கம்போல முழுசாப் போச்சா?” என்றும் கேட்பேன். சிலருக்குக் கோபம் வரும்.

2024 ஜூன் 12, காலை 7.30

“அப்போ உங்களுக்கு ஒரு மாசம் லாபம்தானே அக்கா?” என்று கேட்டிருப்பவருக்கு: ஆமாம், ஆறு மாசத்தில் முடிந்துவிட்டது. வாந்தி மட்டும் முழுக் கணக்குக்கும் வந்தது.

2024 ஜூன் 20, மாலை 5.45

வேறொரு தங்கை எழுதியிருக்கிறாள். தேதிப்படி எட்டு வாரம், ஸ்கேனில் பை மட்டும் தெரிகிறது, கரு தெரியவில்லை, ‘இது நிற்காது’ என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

பக்கத்து வீட்டில் ஸ்கேன் மெஷின் இருக்கிறதா?

பை மட்டும் தெரிவது ஐந்து வாரக் காட்சி. ஆறு வாரம் வாக்கில் துடிப்பு தெரியத் தொடங்கும். உங்களுக்கு 40 நாளுக்கு ஒரு முறை வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நிஜ வயது இரண்டு வாரம் பின்னால் இருக்கலாம். அல்லது பயப்படுவது போலவே இருக்கலாம். ஒரே ஸ்கேனில் தீர்ப்பு சொல்லாமல் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொல்வது அதனால்தான். கருவே 7 மி.மீ. ஆகியும் துடிப்பு இல்லை, அல்லது பை 25 மி.மீ. ஆகியும் உள்ளே கரு இல்லை என்றால்தான் முதல் ஸ்கேனிலேயே உறுதியாகச் சொல்வார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் பை 14 மி.மீ. அதனால் காத்திருங்கள். நடுவில் வலியோ ரத்தமோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் ஓடுங்கள்.

இந்தப் பத்து நாள் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தது வேறு, ஆனாலும் தெரியும்.

2024 ஜூலை 10, இரவு 8.30

தங்கச்சி இன்று என்.டி. ஸ்கேன் (பிறவிக் குறை இருக்குமா என்று பார்க்கப் பிள்ளையின் கழுத்துப் பின்புறத்தை அளப்பது) எடுத்துவிட்டு வந்து, “டியூ டேட் ஜனவரி 18 ஆகிவிட்டது, எதை நம்ப?” என்கிறார்.

மாறவில்லை, மெஷின் புதிதாக ஒன்றை அச்சடித்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அச்சடிக்கும், அதற்கு நேற்று என்ன சொன்னோம் என்ற நினைப்பெல்லாம் கிடையாது. நீளம் 60 மி.மீ., அதாவது 12 வாரம் 4 நாள். உங்கள் கணக்குப்படி இன்று 12 வாரம் 2 நாள். இரண்டு நாள் வித்தியாசம். பிள்ளை கொஞ்சம் நிமிர்ந்து படுத்திருந்தாலே அவ்வளவு வரும். தாடையை நெஞ்சில் குத்திக்கொண்டு சுருண்டிருந்தால் குறையும். அதற்குத்தான் “இருமும்மா, இன்னொரு தடவை இருமு” என்பார்கள். வயிறு குலுங்கினால் பிள்ளை திரும்பும்.

ஜனவரி 20-ஐத் தாய் சேய் அட்டையில் பேனாவால் எழுதிவிடுங்கள், பென்சில் வேண்டாம். ஜூன் 3 ரிப்போர்ட்டை ஒரு ஜெராக்ஸ், போனில் ஒரு போட்டோ. அந்த அச்சுத் தாள் வெயிலில் வைத்தால் வெளுத்துப்போகும்.

இந்த ஸ்கேனுக்குத் தேதி ஏன் முக்கியம் என்றால், நீளம் 45 முதல் 84 மி.மீ.க்குள் இருந்தால்தான் கழுத்துப் பின்புற அளவு செல்லுபடியாகும். கூடவே எடுக்கிற ரத்தப் பரிசோதனையும் வாரத்துக்கு வாரம் மாறுகிற அளவோடுதான் ஒப்பிடப்படும். வாரம் தப்பினால் ரத்தம் சரியாக இருந்தும் ரிப்போர்ட் பயமுறுத்தும்.

2024 ஜூலை 17, காலை 9.00

ஆடி 1. தலைப்புக்குச் சம்பந்தம் இல்லாதது மாதிரி இருக்கும், ஆனால் இருக்கிறது.

புதுப் பெண்ணை ஆடியில் அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொள்வது எதற்கு? ‘ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை’ என்பார்கள். நேற்று ராத்திரி காலண்டரை வைத்து எண்ணிப் பார்த்தேன். கரு உண்டானதிலிருந்து பிரசவம் 266 நாள். ஆடி முதல் நாளிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 9. கடைசி நாளிலிருந்து எண்ணினால் மே 9. ஏறக்குறைய அப்படியே சித்திரை! கத்திரி வெயிலில் பச்சைப்பிள்ளையும் பச்சை உடம்புக்காரியும் வேண்டாம் என்று சக்கரமும் மெஷினும் இல்லாமல் போட்ட கணக்கு.

இன்ஜினீயர் தம்பி, இதில் ஒரு விஷயம் பாருங்கள். இங்கே பாட்டிமார் எல்.எம்.பி.யிலிருந்து எண்ணவில்லை, சேர்ந்த நாளிலிருந்தே எண்ணியிருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டு கணக்கும் இருந்திருக்கிறது.

2024 செப்டம்பர் 2, இரவு 11.40

20 வாரம் முடிந்து ஸ்கேன். மூன்றாவது டியூ டேட், ஜனவரி 24. தங்கச்சி இந்தத் தடவை பயப்படாமல் சிரிப்புப் படம் போட்டிருக்கிறார். நல்லது. நாலு நாள் வித்தியாசம், பத்துக்குள் அடக்கம், ஜனவரி 20 நிற்கிறது.

முதல் தேதியைப் பிடித்துக்கொள் என்று நான் ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று ஒருவர் கேட்டார். சொல்லிவிடுகிறேன்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள், கூட்டம் வாசல்வரை. தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோரும் என்னைத்தான் முறைக்கிறார்கள். ஒரு பெண், கூடவே மாமியார். எல்.எம்.பி. தெரியாது என்றாள். “பழைய ரிப்போர்ட் இருக்கா?” என்று கேட்க வேண்டியது என் வேலை. அன்றைக்குக் கேட்கவில்லை. டாக்டர் அளந்து சொல்லச் சொல்ல அடித்தேன். சராசரி 31 வாரம் என்று மெஷின் கொடுத்தது. எல்.எம்.பி. கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று, 31 வாரத்தைப் பின்னோக்கி எண்ணி ஒரு தேதியைப் போட்டேன். அது எனக்குப் பழக்கமாகவே ஆகியிருந்தது. இப்போது ரிப்போர்ட்டைப் பார்த்தால் எல்.எம்.பி.படி 31, ஸ்கேன்படி 31. அவ்வளவு அழகாக ஒத்துப்போகிறது. வளர்ச்சி இயல்பு என்று முடித்துக் கையெழுத்தும் ஆகிவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து மாமியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்தார். குடையை மறந்துவிட்டாராம். குடையை எடுத்துக் கொடுக்கும்போது அவர் கையில் ஒரு ஜவுளிக்கடைக் கவர், அதில் காகிதங்கள். “இது அவ அம்மா ஊருல எடுத்தது, இது வேணுமா?” என்றார். எட்டு வாரத்தில் எடுத்த ஸ்கேன். எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு அவளுக்கு 34 வாரம்.

31 வாரப் பிள்ளை 31 வார அளவில் இருந்தால் நல்ல செய்தி. 34 வாரப் பிள்ளை அந்த அளவில் இருந்தால் வளர்ச்சி மூன்று வாரம் பின்தங்கியிருக்கிறது. தேதியை நாங்கள் பிள்ளைக்கு ஏற்றபடி வளைத்ததும் நோயே காகிதத்திலிருந்து காணாமல் போய்விட்டது. டாக்டரிடம் ஓடினேன். திட்டவில்லை, எழுந்து நின்றார். அந்தப் பெண்ணைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிவந்து டாப்ளர் பார்த்தார்கள். தொப்புள் கொடியில் ரத்த ஓட்டம் சரியில்லை. அன்று மாலையே பெரிய ஆஸ்பத்திரி. நாலு நாளில் ஆபரேஷன், பிள்ளை ஒன்றரைக் கிலோ. இன்குபேட்டரில் இருந்து பிழைத்தது.

அந்தக் குடை மட்டும் மறக்காமல் இருந்திருந்தால்?

கட்டத்தைக் காலியாக விட அன்றைக்குப் பழகினேன். ‘தெரியவில்லை’ என்று அடிப்பதற்கு இரண்டு விநாடிதான் ஆகிறது.

2024 செப்டம்பர் 3, காலை 6.40

ராத்திரி எழுதியதைப் படித்துவிட்டு, “முதல் ஸ்கேனே இல்லாதவர்கள் என்ன செய்வது?” என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயம்தான்.

தாமதமாக வந்தவர்களுக்கு ஒரே அளவை வைத்து முடிவு கட்ட மாட்டார்கள். மூன்று நாலு வாரம் விட்டு இன்னொரு தடவை அளந்து, வளர்கிற வேகம் சரியா என்று பார்ப்பார்கள். எங்கள் டாக்டர் சிறுமூளையின் குறுக்களவையும் பார்ப்பார். நாலு ஐந்து மாசத்தில் அது எத்தனை மில்லிமீட்டரோ ஏறக்குறைய அத்தனை வாரம். பிள்ளை வயிற்றில் மெலிந்தாலும் சிறுமூளை அவ்வளவாகக் குறையாது என்பார்.

தேதிக்குச் சட்டமும் காத்திருக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு கருக்கலைப்புக்கு 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புதல் போதும், 24 வரை குறிப்பிட்ட சில பெண்களுக்கு மட்டும், அதுவும் இரண்டு டாக்டர்கள். எல்லையில் நிற்கிற பெண்ணுக்கு ஒரு வாரம் இங்கே அங்கே என்பது சின்ன விஷயமில்லை.

2024 செப்டம்பர் 3, இரவு 10.15

ஹூஸ்டன் அளவுகோல் என்று ஜூனில் கேலி செய்தேன். அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்.

ஐ.ஐ.டி. மெட்ராஸும் ஃபரிதாபாத்தில் உள்ள டி.எச்.எஸ்.டி.ஐ. மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, குருகிராம் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்த கர்ப்பிணிகளின் அளவுகளை வைத்து ‘கர்பிணி-ஜிஏ2’ என்று ஒரு கணக்கு போட்டு இந்த வருஷத் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். நடு மாசங்களுக்கும் கடைசி மாசங்களுக்கும் அது ஹேட்லாக் கணக்கைவிடக் குறைவாகத் தவறுகிறதாம். அப்படியென்றால் என் கேலி சரி. ஆனால் இன்டர்குரோத் என்று எட்டு நாட்டு ஆய்வு ஒன்று இருக்கிறது, அதில் நாக்பூரும் உண்டு, ஆக்ஸ்ஃபோர்டும் உண்டு. நன்றாகச் சாப்பிட்டு ஆரோக்கியமாக இருக்கிற தாய்களின் பிள்ளைகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கின்றன என்றது அது. அப்படியென்றால் ‘நம்ம ஊர்ப் பிள்ளை சிறிசாத்தான் இருக்கும்’ என்று நாம் சமாதானம் சொல்வதில் பாதி, சோறு போதாததை மூடி மறைப்பது.

இரண்டும் எப்படிச் சேரும்? எனக்குத் தோன்றுவது இதுதான்: வயதைச் சொல்ல ஊருக்கு ஏற்ற கணக்கு வேண்டும், வளர்ச்சி போதுமா என்று பார்க்க அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டால் மெலிந்ததும் இயல்பாகிவிடும். டைப் செய்தவளின் யோசனை இது, அவ்வளவுக்குத்தான் எடுத்துக்கொள்ளுங்கள்.

2024 நவம்பர் 5, மதியம் 1.10

வளைகாப்புக்கு ஏழாம் மாசமா, ஒன்பதாம் மாசமா, இப்போது எத்தனையாவது மாசம் என்று தங்கச்சி வீட்டில் பஞ்சாயத்தாம். நேற்றோடு 29 வாரம் முடிந்தது. நாலு வாரத்துக்கு ஒரு மாசம் என்றால் எட்டாம் மாசம் பிறந்துவிட்டது. காலண்டர் மாசப்படி ஏழாவது. அத்தை எந்தக் கணக்கில் சொல்கிறாரோ அதுவே சரி என்று விட்டுவிடுங்கள், இதில் மெஷினை இழுக்காதீர்கள்.

ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) செய்துகொண்ட ஒருவர் எல்.எம்.பி. எதைச் சொல்வது என்று கேட்டிருந்தார். ஐந்து நாள் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைத்த தேதியோடு 261 நாள் கூட்டினால் டியூ டேட், மூன்று நாள் கரு என்றால் 263. எந்த ஸ்கேனும் அதை மாற்றக் கூடாது. நாள் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவர்கள் நீங்கள் மட்டும்தான்.

2025 ஜனவரி 14, காலை 8.20

பொங்கல் பானைக்கு நடுவில் போன் பார்த்தேன். நேற்று போகி அன்று தங்கச்சிக்குப் பெண் குழந்தை, 2 கிலோ 900. சரியாக 39 வாரம். டியூ டேட் அன்றே பிறக்கிற பிள்ளை நூற்றுக்கு நாலைந்துதான், ஒரு வாரம் முன்னால் என்பது சரியான நேரம். ஜனவரி 18, 20, 22, 24 என்று நாலு தேதியில் யார் ஜெயிக்கிறார்கள் என்று இங்கே பந்தயம் கட்டியவர்கள் எல்லோரும் அவுட்.

அவர் கணவர் இரண்டு நாள் முன்பே வந்துவிட்டாராம். அத்தை பிரசவ அறை வாசலில் நர்ஸைப் பிடித்துக்கொண்டு, பிறந்தது 4.12-ஆ 4.14-ஆ, சுவர்க் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம். ஜாதகம் கணிக்க வேண்டுமே.